மலை இன்னும் விழவில்லை

இருபத்து மூன்று வருடம் நகர்மன்றத்தில் குறிப்பெழுதினேன்.
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
எத்தனை கை உயர்ந்தது.
உயர்ந்த கை நடுங்கியதா என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

ஆகவே இது.

அந்த ஜனவரியில் சூரியன் இன்னும்
எங்கள் வடகரைக்குத் திரும்பியிருக்கவில்லை.
மலையில் பதித்த கருவிகள் மட்டும் விழித்திருந்தன.
நாளுக்கு நான்கு மில்லிமீட்டர் என்றன. பிறகு ஏழு.
கீழ்த்தெருவில் நாற்பத்தாறு வீடுகள்.
காலி செய்யுங்கள் என்றாள் மேயர் டூர்டிஸ் ஹெக்னஸ்.
செய்தோம். பூனை, தையல் இயந்திரம், குழந்தையின் பனிச்சறுக்குப் பலகை.
ஆர்விட் தன் பியானோவை மீன் லாரியில் ஏற்றினான்,
வழியெல்லாம் அது தானாக வாசித்துக்கொண்டு போனது.
பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையாகப் படுத்தோம்.
முதல் வாரம் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஏப்ரலில் மலை நின்றுவிட்டது.
திரையில் சுத்தமான நேர்கோடு.
"தூங்குகிறது, சாகவில்லை" என்று சொல்லிவிட்டு
ஒஸ்லோவிலிருந்து வந்த நிலவியலாளர் மாலைப் படகில் போய்விட்டார்.
அவள் எங்கே போவாள்?

ஊர் வாயை மூட உலைமூடி ஏது.
மலைக்குப் பயந்தவள் என்றார்கள், மக்களுக்குப் பயப்படாதவள் என்றார்கள்.
பேக்கரியில் அவளுக்கு மட்டும் ரொட்டி தீர்ந்துபோயிருக்கும்.
ஒரு காலை அவள் கதவுப் பிடியில்
காய்ந்த காட் மீன் தலை ஒன்று தொங்கியது, வாயில் காகிதத்தோடு.
எடுத்துப் பிரித்துப் படித்தாள், மடித்துக் கோட்டுப் பையில் போட்டாள்.
என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது.

மே மாதக் கூட்டம்.
வீடு திரும்ப அனுமதி கேட்டு ஆயிரத்து நாற்பது கையெழுத்து.
எண்ணியது நான்தான்.
அறுநூற்றுப் பன்னிரண்டாவது, அவள் கணவன்.

"நாங்கள் சொல்வதைக் கேட்கத்தானே
உன்னை அங்கே உட்கார வைத்தோம்" என்றான் கோரே.
அது பொய்யில்லை. அவனும் கெட்டவனில்லை.
அவன் அம்மா அந்தக் கூடத்தில்
நான்கு மாதமாகக் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே தூங்கினாள்.

"நான் கேட்கிறேன்" என்றாள் டூர்டிஸ்.
"மலை கேட்கவில்லையே."
யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஒருவர் வரவில்லை. மீதிப் பதினெட்டு.
ஒன்பது, ஒன்பது.
சமநிலையில் மேயரின் வாக்கே முடிவு என்று
விதியை வாசித்தேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
அவள் கண்ணாடிக் குவளையை எடுத்துக் குடித்தாள்.
குவளை காலி.
கீழே வைத்துவிட்டு, வேண்டாம் என்றாள்.

செப்டம்பரில் தோற்றாள்.
நூற்றுக்கணக்கில் அல்ல, அதைவிட மோசமாக.
அக்டோபரில் கோரே அனுமதி கொடுத்தான்.
பியானோ திரும்பி வந்தது, இரண்டு சுரம் குறைந்து.
ஜன்னல்களில் மெழுகுவர்த்தி, புகைபோக்கிகளில் புகை,
கீழ்த்தெரு மறுபடி கீழ்த்தெரு ஆனது.

ஆறு வருடம் ஆகிறது. மலை இன்னும் விழவில்லை.

விழுந்திருந்தால் அவளுக்குச் சிலை வைத்திருப்போம்,
வைக்க ஆள் மிஞ்சியிருந்தால்.

இப்போது படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறாள்.
ஒருமுறை, பாலத்தடியில், நான் கேட்காமலே சொன்னாள்:
"அது அப்படியே நிற்கட்டும்.
கடைசிவரை நான் தப்பாகவே இருந்துவிட்டுப் போகிறேன்."
காற்றில் சீட்டுக்கட்டு பறக்கப் பார்த்தது, முழங்கையால் அழுத்திக்கொண்டாள்.

என் வீடும் கீழ்த்தெருவில்தான். பதினேழாம் எண்.
அந்த மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
செப்டம்பரில் யாருக்குப் போட்டேன் என்பதையும்
குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

மழை வலுக்கும் இரவுகளில்
அக்கரையில் அவள் சமையலறை விளக்கு விடியும்வரை எரிகிறது.
கருவி எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.
கேட்டதில்லை.
இந்தப் பக்கம் நாங்கள்
குறட்டை விட்டுத் தூங்குகிறோம்.